கரப்பான் காயும் கருவேல மகரந்தமும்
வாசகர் கேள்வி – மருத்துவக் குழு பதில்

உணவு ஒவ்வாமை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வடசென்னைக் கடிதங்கள் மட்டும் தனிக் கட்டாகச் சேர்ந்துவிட்டன. அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்: "ஒண்ணு சேரலைன்னு நிறுத்தினா, சம்பந்தமே இல்லாத இன்னொண்ணும் சேரமாட்டேங்குது." சம்பந்தம் இருக்கிறது. புரதங்களுக்குள்ளும் அங்காளி பங்காளி உண்டு. எந்தப் பங்காளி வெறும் ஒப்புக்கு, எவன் உண்மையில் சண்டைக்கு வருவான் என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை.

கே: வருஷம் முழுக்கத் தும்மலும் கண் அரிப்பும். எண்ணூர்ப் பக்கம் போனால் கூடுகிறது. இரண்டு வருஷமாக வெள்ளரிப் பிஞ்சு, கிர்ணிப் பழம், வேகாத தக்காளி எதைத் தின்றாலும் உதடும் தொண்டையும் நமநமவென்று அரிக்கிறது. ரசத்தில் அதே தக்காளி ஒன்றும் செய்வதில்லை. மனப்பிரமை என்கிறார் வீட்டுக்காரர்.
– வாசகி, தண்டையார்பேட்டை

ப: பிரமை இல்லை அம்மா. ரசத்தில் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

உங்கள் ஒவ்வாமை மூக்கில் தொடங்கியது, வாய்க்குப் பிறகுதான் வந்தது. அருகம்புல், சீமைக் கருவேலம் போன்றவற்றின் மகரந்தத்தை வருஷக்கணக்காகச் சுவாசித்த உடல், அதிலுள்ள புரதங்களுக்கு எதிராக ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் புரதங்களில் ஒன்று புரோஃபிலின். எல்லாத் தாவரச் செல்லிலும் இது உண்டு. செடிக்குச் செடி அதிகம் மாறாத, பழைய புரதம். மகரந்தத்தின் புரோஃபிலினுக்காகச் செய்த எதிர்ப்பொருள் கிர்ணியிலும் வெள்ளரியிலும் தக்காளியிலும் அதே முகஜாடையைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது. இந்தக் கூட்டத்தில் முதலில் மாட்டுவது பெரும்பாலும் கிர்ணிதான். தர்பூசணி, வாழைப்பழம், ஆரஞ்சு பின்னால் வரலாம்.

புரோஃபிலின் சூட்டுக்குத் தாங்காது, வயிற்று அமிலத்துக்கும் தாங்காது. ஆகவே கொதித்த ரசத்தில் அதன் உருவம் குலைந்துவிடுகிறது. பச்சையாகத் தின்றால் வாயில் இருக்கும் வரைதான் வேலை காட்டும். தின்ற 5 முதல் 15 நிமிடத்துக்குள் அரிப்பு, அரை மணியில் தானாக அடங்கும், வாயைத் தாண்டாது. இந்த இலக்கணத்தில் இருக்கும் வரை தக்காளியை வேகவைத்துச் சாப்பிடுங்கள். வெள்ளரியைக் கூட்டாகச் செய்யுங்கள். நம் சமையலில் அதற்கு வழியா இல்லை? கிர்ணியை மட்டும் விட்டுவிடுங்கள், அதை யாரும் வேகவைப்பதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் கிர்ணி ஜூஸை ஒரே மூச்சில் குடிக்காதீர்கள். அளவு அதிகம், வேகமும் அதிகம். அமிலம் சிதைப்பதற்குள் புரதம் குடலைத் தொட்டுவிடும். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரையைத் தினமும் போடுபவருக்கும் இதே ஆபத்து. அமிலம் குறைந்தால் புரதம் பிழைத்துக்கொள்ளும். அரிப்போடு உடம்பில் தடிப்பு, வாந்தி, குரல் கம்முதல், மூச்சிரைப்பு ஏதாவது சேர்ந்தால் புரோஃபிலின் கணக்கை மறந்துவிடுங்கள். சூட்டுக்கும் அமிலத்துக்கும் அசையாத எல்.டி.பி. என்ற வேறொரு புரதம் இருக்கிறது. பழங்களில் தோலில் அதிகம் இருப்பது அதுதான். அது வாயோடு நிற்காது.

எண்ணூர், மணலிப் பக்கம் புதராக மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் பயறுக் குடும்பத்துச் செடி. அதன் மகரந்தத்துக்கும் லிமா பீன்ஸுக்கும், அதாவது நம் டபுள் பீன்ஸுக்கும், ஐ.ஜி.இ. அளவில் பங்காளி உறவு இருப்பதை 2007இல் வெளிவந்த டெல்லி ஆய்வு காட்டியது. டபுள் பீன்ஸ் சாப்பிட்டு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால் நிறுத்த வேண்டாம். ஏதாவது ஆகியிருந்தால் அதைத் தற்செயல் என்று தள்ளவும் வேண்டாம்.

கே: ஆஸ்பத்திரியில் செவிலியர் வேலை. கையுறை போட்டால் கை அரிக்கும். போன மாதம் வாழைப்பழம் சாப்பிட்டதும் உதடு வீங்கியது. இரண்டுக்கும் முடிச்சுப் போடலாமா?
– வாசகி, ராயபுரம்

ப: போட்டே ஆகவேண்டும். கையுறை ரப்பர் மரத்துப் பால். அதில் ஹெவீன் என்ற 43 அமினோ அமிலம் கொண்ட சிறு புரதம் இருக்கிறது. வாழைப்பழம், அவகாடோ, பப்பாளி, கிவி இவற்றில் பூஞ்சையை எதிர்க்கச் செடி தயாரிக்கும் கைட்டினேஸ் என்ற புரதத்தின் முன்பகுதி ஏறக்குறைய ஹெவீன் மாதிரியேதான். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பழம் சேர்வதில்லை.

ஆனால் முதலில் உங்கள் கை அரிப்பு எந்த வகை என்று தெரியவேண்டும். கையுறை மாட்டிய சில நிமிடங்களில் தடிப்பு, தும்மல் என்றால் அது ரப்பர் புரத ஒவ்வாமை. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத் தோல் வெடித்துச் செதிலானால், அது கையுறைத் தயாரிப்பில் சேர்க்கும் தையூரம் போன்ற ரசாயனங்களால் வருவது. அதற்கும் வாழைப்பழத்துக்கும் உறவில்லை. வெறும் சோப்பும் வியர்வையும் கையைப் புண்ணாக்குவதும் உண்டு. உதடு வீங்கியதால் உங்களுக்கு முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரத்தப் பரிசோதனையோ தோல் பரிசோதனையோ செய்து உறுதிப்படுத்துங்கள்.

நைட்ரைல் கையுறைக்கு மாறுங்கள். நீங்கள் மட்டும் மாறினால் போதாது. பக்கத்தில் இருப்பவர் பவுடர் போட்ட ரப்பர் கையுறையை உருவினாலும் பவுடரில் ஒட்டிய புரதம் காற்றில் பறக்கும். பல் மருத்துவரிடமும், ஏதேனும் ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து நிபுணரிடமும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள். அன்றைய பட்டியலில் முதல் ஆளாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பலூனும் ஆணுறையும் இதே ரப்பர்தான். வாழைப்பழத்தை நிறுத்துங்கள். கைட்டினேஸ் சூட்டில் அடங்குவதால் வெந்த வாழைக்காய் பலருக்கு ஒத்துக்கொள்ளும். உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை மருத்துவர் முன்னிலையில் பாருங்கள். பப்பாளி, கிவி சாப்பிட்டு இதுவரை நன்றாக இருந்திருந்தால், பட்டியலில் பெயர் இருக்கிறதே என்று பயந்து நிறுத்தவேண்டாம்.

கே: ஏழு வயது மகன். வேர்க்கடலை உருண்டை தின்று உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தப் பரிசோதனையில் வேர்க்கடலையோடு துவரை, உளுந்து, கடலைப் பருப்பு, பட்டாணி, பாசிப்பயறு எல்லாமே பாசிட்டிவ். உறவினர் ஒருவர் பருப்பே கூடாது என்கிறார். இட்லி, சாம்பார் இல்லாமல் பிள்ளையை எப்படி வளர்ப்பது?
– பெற்றோர், வியாசர்பாடி

ப: இட்லியும் சாம்பாரும் இருக்கட்டும். அந்த ரிப்போர்ட் வருவதற்கு முந்தின நாள் வரை பையன் அதைத்தானே சாப்பிட்டான்? ஒன்றும் ஆகவில்லையே? உடம்பு ஏற்றுக்கொண்ட பருப்பைக் காகிதத்தைப் பார்த்து நிறுத்துவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. நிறுத்துவதில் வேறொரு கேடும் இருக்கிறது: ஏற்றுக்கொண்டிருந்த உணவைப் பல மாதம் நிறுத்தித் திரும்பக் கொடுக்கும்போது நிஜமாகவே ஒவ்வாமை வரலாம்.

வேர்க்கடலை கொட்டை வகை அல்ல, பயறு வகை. விதைக்குள் முளைக்காகச் சேமித்து வைக்கும் புரதங்கள் பயறுகளுக்குள் ஒத்திருக்கும். அதனால் பரிசோதனைக் குழாயில் எல்லாம் ஒன்றாகப் பாசிட்டிவ் காட்டும், வயிற்றில் அப்படிக் காட்டாது. 1989இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பயறுகளுக்குத் தோல் பரிசோதனை பாசிட்டிவ் ஆன 69 குழந்தைகளை எடுத்து உண்ணக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பயறு உண்மையிலேயே சேராதவர்கள் 2 பேர்தான். எதிர்ப்பக்கமும் சொல்லவேண்டும்: கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, பட்டாணி மூன்றும் மிக நெருக்கம். ஒன்றுக்கு நிஜமாக உடம்பு பொங்கினவருக்கு மற்றவற்றை மருத்துவமனையில் வைத்துச் சோதித்த பிறகே கொடுக்கவேண்டும்.

மகனுக்குச் செய்யவேண்டியது இதுதான். வேர்க்கடலை முழுத் தடை. அவித்தால் புரதத்தில் கொஞ்சம் தண்ணீரில் இறங்குவது உண்மை; அதை நம்பி அவித்த கடலை கொடுக்காதீர்கள். வறுத்தது இன்னும் மோசம், வறுக்கும்போது புரதம் சர்க்கரையோடு பிணைந்து ஐ.ஜி.இ. அதை இறுகப் பிடிக்கிறது. ரிஃபைண்ட் கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இல்லை. செக்கு எண்ணெயில் இருக்கிறது. 'இயற்கையானது' என்ற பெருமை இந்த வீட்டில் ஆபத்து. வெந்தயத்துக்கும் வேர்க்கடலைக்கும் பங்காளி உறவு நிரூபணமானது. இட்லி மாவில் போடும் வெந்தயம் இதுவரை ஒன்றும் செய்யவில்லையென்றால் தொடரலாம், முளைகட்டிய வெந்தயத்தைப் புதிதாகக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்கவேண்டாம். வேர்க்கடலையிலுள்ள 'அரா எச் 2' என்ற தனிப் புரதத்துக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கடும் விளைவை முன்கூட்டிச் சொல்வதில் முழு வேர்க்கடலைப் பரிசோதனையைவிட அதுவே நம்பகமானது.

வெளிச்சாப்பாட்டில் கவனம். ஓட்டல் தேங்காய் சட்னியில் தேங்காய் எவ்வளவு, பொட்டுக்கடலை எவ்வளவு, வேர்க்கடலை எவ்வளவு என்பது அரைத்தவருக்குத்தான் வெளிச்சம். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வாங்கும்போது கேளுங்கள்: மேலே நொறுக்கிப் போடும் பேஜோ என்ன மாவு, தூவும் பொடி பொட்டுக்கடலையா, வேர்க்கடலை சேர்க்கிறீர்களா, எந்த எண்ணெய்? கடைக்குக் கடை மாறும். ஒரே கையால் எல்லாவற்றையும் பிசைவதால் "உங்களுக்கு மட்டும் போடாம தர்றேன்" என்பது போதாது. மொயிங்கா என்ற பர்மா சூப்பில் வாழைத்தண்டு பிரச்சினை இல்லை, மிதக்கும் பஜ்ஜியைத்தான் கேட்கவேண்டும்.

கே: துறைமுகத்தில் லோடு ஏற்றும் வேலை. காலையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வேலையில் இறங்கினால் சில நாள் உடம்பு முழுக்கத் தடிப்பு, ஒரு தடவை மயக்கம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதே பரோட்டா, ஒன்றும் இல்லை.
– வாசகர், காசிமேடு

ப: பரோட்டா பாதிக் குற்றவாளி, மீதி உழைப்பு. கோதுமையிலுள்ள ஒமேகா-5 கிளையாடின் என்ற புரதம் சும்மா இருக்கும் உடம்பில் பேசாமல் கடந்துபோகும். சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் கடுமையாக உழைத்தால் குடல் வழியாக அதிகம் உள்ளே கசிந்து ஒவ்வாமையைத் தூண்டும். உடம்பு வலிக்குப் போடும் ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் மாத்திரையும், மதுவும் அதே கதவைத் திறந்துவிடும். மயக்கம் வந்த அன்று இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

சாதாரணக் கோதுமைப் பரிசோதனையில் இது தவறிப்போகலாம். கிளையாடின் தண்ணீரில் கரையாது, பரிசோதனைச் சாற்றில் சரியாக இறங்காது. ஒமேகா-5 கிளையாடின் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதுவரை, வேலை நாளில் வேலை முடியும் வரை மைதா, ரவை, சேமியா, கோதுமை எதுவும் வேண்டாம். இட்லி, பொங்கல், பழைய சோறு சாப்பிட்டுப் போங்கள். வேலைக்கும் கோதுமைக்கும் நடுவே குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் இருக்கட்டும். பார்லியில் பங்காளிப் புரதம் இருப்பதால் மால்ட் பானமும் கணக்கில் வரும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பாரம் தூக்கும்போது உடம்பு ஊறத் தொடங்கினால், 'இந்த ஒரு மூட்டை' என்று பார்க்காமல் அங்கேயே உட்காருங்கள்.

கே: 'அலர்ஜி பேனல்' எடுத்தேன். முப்பதுக்கு மேல் பாசிட்டிவ்: அரிசி, தக்காளி, வெங்காயம், கேரட் வரை. நான் எதைத்தான் சாப்பிடுவது?
– வாசகர், பெரம்பூர்

ப: நேற்று வரை சாப்பிட்டதை. முப்பது செடி ஒரேயடியாகப் பாசிட்டிவ் ஆனால் செடிகள் மேல் சந்தேகப்படுவதற்கு முன் பரிசோதனை மேல் சந்தேகப்படுங்கள். தாவரப் புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் கிட்டத்தட்ட எல்லாச் செடியிலும் ஒன்றே. சிலருக்கு அந்தச் சர்க்கரைக்கு எதிராக ஐ.ஜி.இ. உருவாகும், குளவி கொட்டினால்கூட. ரத்தப் பரிசோதனைக் குழாயில் அது எல்லாவற்றையும் பாசிட்டிவ் ஆக்கும், உடம்பில் பெரும்பாலும் எதுவும் செய்யாது. அந்தச் சர்க்கரைக்கான ஐ.ஜி.இ.யைக் காட்டும் சி.சி.டி. குறியீட்டுப் பரிசோதனை, அல்லது பிரோமிலைன் ஐ.ஜி.இ. பார்க்கச் சொல்லுங்கள். அது உயர்ந்திருந்தால் உங்கள் முப்பதில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

பிறகும் சந்தேகமுள்ள இரண்டு மூன்றுக்குத் தோல் குத்துப் பரிசோதனை. செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் நெகட்டிவ் காட்டும். 15 நிமிடம் கழித்து, வெறும் உப்புநீர் குத்திய இடத்தைவிடத் தடிப்பு 3 மி.மீ. பெரிதாக இருந்தால்தான் பாசிட்டிவ். பழம், காய் என்றால் வீட்டிலிருந்து புதிதாக எடுத்துப்போங்கள். பழத்தில் குத்திய ஊசியாலேயே தோலில் குத்துவார்கள். புட்டியில் வரும் சாற்றில் மென்மையான புரதங்கள் செத்துப்போயிருக்கும். 'ஐ.ஜி.ஜி. உணவுப் பேனல்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஐ.ஜி.ஜி. வேறு வகை எதிர்ப்பொருள்; நீங்கள் அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி.

கே: மாம்பழம் கடித்துத் தின்றால் இரண்டாம் நாள் வாயைச் சுற்றிக் கொப்புளம். முந்திரியும் மாங்காய்க் குடும்பம் என்கிறார்கள். அதையும் விடவேண்டுமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

ப: இரண்டாம் நாள் என்பதைக் கவனியுங்கள். இது புரத ஒவ்வாமை அல்ல. மாங்காய்ப் பாலிலும் தோலிலும் உள்ள எண்ணெய் போன்ற ரெசார்சினால் பொருள்கள் தோலில் பட்டு, தாமதமாக வரும் அழற்சி. சேராங்கொட்டையிலும் முந்திரிக்கொட்டை ஓட்டிலும் இதற்கு நெருங்கிய பொருள்கள் உண்டு. உங்கள் பேட்டையின் பெயருக்கும் இதற்கும் தொடர்பு வைத்துப் பேசலாம்: வண்ணார் துணியில் அடையாளமிடும் மை சேராங்கொட்டைச் சாறுதான். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சட்டைக் காலரில் அந்தக் குறி பட்ட இடத்தில் கழுத்து வெந்தது, மருத்துவ ஏட்டிலேயே பதிவானது.

வேறொருவர் காம்பை நறுக்கி, பால் வடியவிட்டு, கழுவி, தோலைத் தடிமனாகச் சீவி, துண்டாக்கிக் கொடுத்தால் பெரும்பாலும் சாப்பிடலாம். கொட்டையைச் சப்பவேண்டாம். ஓடு நீக்கி வறுத்த முந்திரிப் பருப்பை இதுவரை சாப்பிட்டு வந்தால் தொடருங்கள்.

முந்திரியின் புரத ஒவ்வாமை முற்றிலும் வேறு, சில நிமிடங்களில் வருவது, கடுமையானது. அங்கே பிஸ்தாவும் கட்டாயம் சேர்ந்து போகும். இரண்டின் 2எஸ் அல்புமின் என்ற விதைப் புரதமும் இரட்டைப் பிள்ளைகள். சூட்டுக்கு மசியாது. சௌகார்பேட்டையில் இனிப்பு வாங்குபவர்கள் பாதாம் அல்வாவில் முந்திரி விழுது கலப்பார்களா, ஒரே கத்தியால் எல்லாத் தட்டையும் வெட்டுவார்களா என்று கேட்கவேண்டும். வெண்பொங்கல், குருமா, பிரியாணி மசாலாவும் அப்படியே.

கே: கத்தரிக்காய், சேப்பங்கிழங்கு கரப்பான் பண்டம் (தோலில் அரிப்பு, சொறி கிளப்புவது) என்று பாட்டி தடுக்கிறார். உண்மையா?
– வாசகர், கொடுங்கையூர்

ப: பாதி. கத்தரிக்காயில் நிஜ ஒவ்வாமைப் புரதங்கள் உண்டு, அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் போன்ற பொருள்களும் உண்டு. சிலருக்கு வாய் அரிக்கும். அரிக்காதவர் எண்ணெய்க் கத்தரிக்காயை விடவேண்டாம். சேப்பங்கிழங்கும் கருணையும் நாக்கை அரிப்பது கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் குத்துவதால்தான், அது எல்லோருக்கும் அரிக்கும். நன்றாக வேகவைத்துப் புளி சேர்த்தால் அடங்கும். அன்னாசி நாக்கைக் கடிப்பதும் அதன் நொதியால்.

கே: இறால் சேராது. வஞ்சிரமும் விடவேண்டுமா?
– வாசகி, திருவொற்றியூர்

ப: தாவரம் தாண்டிய கேள்வி, ஆனால் கணக்கு ஒன்றுதான். இறாலின் புரதம் ட்ரோபோமயோசின். அதன் பங்காளிகள் நண்டு, சிங்கி இறால், வீட்டுக் கரப்பான் பூச்சி, தூசிப்பூச்சி. மீனின் புரதம் வேறு, ஆகவே வஞ்சிரம் பொதுவாகச் சாப்பிடலாம். குழம்பில் சென்னாக்குன்னி (பொடி இறால்) விழுந்திருக்கிறதா, இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனும் பொரித்தார்களா என்று மட்டும் பாருங்கள்.

கே: மேலே சொன்ன மாதிரி மூச்சு வாங்கினால் வீட்டில் என்ன செய்வது? அவில் மாத்திரை வைத்திருக்கிறோம்.
– வாசகர், மணலி

ப: அவில் அரிப்பை அடக்கும், மூச்சைத் திறக்காது, ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அதைச் செய்வது அட்ரினலின் ஒன்றே. தானே குத்தும் பேனா நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், முன்பு கடும் விளைவு வந்தவர்களுக்கு மருத்துவர் ஆம்ப்யூலும் (மருந்துள்ள கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, குத்தக் கற்றுத்தருவார். கற்காமல் வாங்கி வைக்காதீர்கள்.

1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்ப்யூல். அளவு, எடையில் கிலோவுக்கு 0.01 மி.லி. 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மி.லி., பெரியவருக்கு 0.5 மி.லி.க்கு மேல் இல்லை. நடுத்தொடையின் வெளிப்பக்கத் தசையில், தேவையானால் பேன்ட் துணி மேலேயே. இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம்: ஊசி குட்டை, தசைக்குப் போகாது, கோடுகளும் யூனிட்டில் இருப்பதால் அவசரத்தில் அளவு தப்பும். 1 மி.லி. சிரிஞ்சும் ஒரு அங்குல ஊசியும் ஆம்ப்யூலோடு ஒரே டப்பாவில் இருக்கட்டும். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெயில் படாத அலமாரி போதும். மருந்து பழுப்பேறினால் தூக்கிப் போடுங்கள்.

குத்தியவுடன் 108. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்த்து உட்காரவையுங்கள், வாந்தி என்றால் ஒருக்களித்து. எழுந்து நடக்கவிடாதீர்கள், ஆட்டோ வரை என்றாலும். 5 நிமிடத்தில் தெளியவில்லையானால் இரண்டாவது ஊசி, அதனால் டப்பாவில் எப்போதும் இரண்டு ஆம்ப்யூல். தெளிந்துவிட்டார் என்று பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பும் வகையும் உண்டு. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பு அதற்காகத்தான்.